பெட்டியடியும் பட்டப்படிப்பும்: செட்டிநாட்டு வணிகக் கல்வியின் வரலாறு

செட்டிநாட்டுத் திருப்பத்தூர் வட்டாரத்தில் வணிகவியலில் இளநிலைப் பட்டம் பெறுவது இன்று இயல்பான செய்தியாகிவிட்டது. எனினும் அந்தப் பட்டம் இங்கே அறிமுகமாவதற்கு நெடுங்காலம் முன்பே கணக்கு, வட்டி, கடன் மதிப்பீடு, கடல் கடந்த பணப்பரிமாற்றம் ஆகியவற்றைப் படிப்படியாகக் கற்பித்த ஒரு கல்விமுறை இதே ஊர்களில் வேரூன்றியிருந்தது. பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இளையாத்தங்குடி முதலிய ஒன்பது கோயில்களைச் சார்ந்து குலம் வகுத்துக்கொண்ட, செட்டியார் என்றும் அழைக்கப்பட்ட நகரத்தார் என்னும் வணிகச் சமூகமே அதனை உருவாக்கியது. அதற்குப் பாடநூலோ பட்டமோ இருக்கவில்லை என்றாலும், தொடக்க நிலையும் உயர்நிலையும் தேர்வும் அதற்கு இருந்தன.

தொடக்க நிலை திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அமைந்தது. இருபதில் ஒரு பங்கான மா, எண்பதில் ஒரு பங்கான காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி என நுண்ணிய பின்னங்களை எண்சுவடியின் துணையால் மனப்பாடம் செய்த சிறுவனுக்கு, தாளில் எழுதாமலே வட்டி கணக்கிடும் திறன் கைவந்தது. பத்துப் பன்னிரண்டு வயதில் அவன் தொழில் பழகத் தொடங்கிவிடுவான் என்று 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூல் குறிப்பிடுகிறது. பின்னர் அவன் இலங்கைக்கோ பர்மாவுக்கோ மலாயாவுக்கோ ‘கொண்டுவிக்க’ அனுப்பப்பட்டான். வணிகத்தின் பொருட்டுக் கடல் கடந்து செல்வதை நகரத்தார் அவ்வாறே வழங்கினர்.

அங்கே அவன் அமர்ந்த இடம் பெட்டியடி. சிங்கப்பூர், பினாங்கு போன்ற துறைமுக நகரங்களில் கிட்டங்கி எனப்பட்ட நீண்ட கட்டடத்தில் பல நிறுவனங்கள் அருகருகே இயங்கின. ஒவ்வொன்றுக்கும் சாய்ந்த மூடியுள்ள ஒரு மரப்பெட்டியே மேசையாகவும் பணப்பேழையாகவும் அலுவலகமாகவும் பயன்பட்டது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் கணக்குப்பிள்ளையாகவும், அடுத்தாள் எனப்பட்ட உதவியாளனாகவும் உயர்ந்து, தேறினால் முழுப் பொறுப்புடைய மேலாளாக அமர்த்தப்பட்டான். மேலாளின் பணிக்காலம் பெரும்பாலும் மூன்றாண்டு. அதனை ‘ஒரு கணக்கு’ என்றனர். அது முடிந்ததும் பெட்டியை அடுத்து வருபவரிடம் ஒப்படைத்து, ஊர் திரும்பி, முதலாளியின் முன் வரவு செலவைத் தீர்க்க வேண்டும். நாள்தோறும் எழுதிய குறிப்பும், ஆள்வாரியாகப் பிரித்தெழுதிய பேரேடும், இறுதியில் சொத்தையும் கடனையும் இலாபத்தையும் காட்டும் ஐந்தொகையும் ஒன்றோடொன்று பொருந்தியிருப்பதே அவனுக்கு வைக்கப்பட்ட தேர்வு.

இக்கல்வியின் உயர்நிலைப் பாடத்தை இரங்கூனில் காணலாம். மொகல் தெருவிலிருந்த நகரத்தார் கோயிலில் தமிழ் மாதம் பதினாறாம் நாள் மாலையில் நிறுவனத்தார் கூடி, தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்குரிய நடப்பு வட்டியை உறுதிசெய்தனர். பணத்தின் வரத்தும் தேவையும் எவ்வாறு விலையாக மாறுகின்றன என்பதை அக்கூட்டத்தின் ஓரத்தில் நின்ற இளைஞன் கண்ணெதிரே கண்டான். அவன் கையாண்ட பணம் முழுவதும் முதலாளியுடையதன்று: பெண்கள் சீதனமாகப் பெற்று வைப்பீடு செய்த ஆச்சிமார் பணமும், கோயில்களுக்குரிய பணமும் அதில் கலந்திருந்தன. பிறர் பணத்தைக் காப்பவன் என்னும் உணர்வைக் கற்பித்ததே இக்கல்வியின் தலையாய சிறப்பு எனலாம். இன்றைய நிதிக்கல்வி அதனைச் சட்டமாகவும் விதியாகவும் சொல்லித்தருகிறது, பெட்டியடி அதனைப் பழக்கமாக ஆக்கியது.

ஆனால் ஒரு கடனாளியை எடைபோடக் கற்பித்த அந்த முறை, ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே எடைபோடக் கற்பிக்கவில்லை. 1930-ஐ ஒட்டி, பர்மிய மாகாண வங்கி விசாரணைக் குழுவின் மதிப்பீட்டின்படி, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் அலுவலகங்களும் 75 கோடி ரூபாய் முதலீடும் இருந்தன. அதன் பெரும்பகுதி நெல் விளையும் நிலத்தின் ஈட்டின்மீது நின்றது. உலகப் பெருமந்தத்தில் நெல்விலை வீழ்ந்தபோது கடன் திரும்பாமல் நிலமே கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் விளைநிலத்தின் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் உடைமை 1938-இல் 25 விழுக்காடாயிற்று. நிலத்தை இழந்த பர்மிய உழவரின் துயரத்தையும் சினத்தையும் இவ்வரலாற்றிலிருந்து ஒதுக்குதல் நேர்மையாகாது. எல்லாக் கடனாளிகளும் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் வீழக்கூடும் என்பது பொருளியல் கற்றுத்தரும் பாடம். எந்தப் பேரேட்டிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. ஜப்பானியப் படையெடுப்பும், 1948-இல் விடுதலை பெற்ற பர்மாவின் நில நாட்டுடைமைச் சட்டமும் எஞ்சியதை முடித்துவைத்தன.

பெட்டி மூடப்படும் காலத்திலேயே கல்லூரி திறக்கத் தொடங்கியது. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் எழுந்தது. எம். சி. டி. எம். சிதம்பரம் செட்டியார் 1937-இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி முதல் நாளிலேயே காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் கிளை திறந்தது. பெட்டியடி அறிவு கூட்டுப்பங்கு வங்கியாக உருமாறியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1947-இல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் நிறுவிய கலைக்கல்லூரியிலிருந்து வளர்ந்த கல்வி நகரம் 1985-இல் பல்கலைக்கழகமாயிற்று.

பழைய கல்வி குலத்துக்குள்ளேயே நின்றது. பணத்துக்கு உரியவர்களாக இருந்தும் பெண்களுக்குப் பெட்டியடியில் இடம் இருக்கவில்லை. அந்த வேலியை அகற்றியது பட்டப்படிப்பே, அந்த ஆதாயத்துக்கு எதுவும் ஈடாகாது. திருப்பத்தூரிலேயே ஆறுமுகம் பிள்ளை சீதை அம்மாள் கல்லூரி, மலாயாவில் பொருளீட்டிய நகரத்தாரல்லாத ஒருவரின் கொடையால் எழுந்து, சுற்றுக் கிராமங்களின் முதல் தலைமுறை மாணவர்களுக்கு உயர்கல்வியின் வாயிலாக அமைந்தது. ஆயினும் வணிகவியல் மாணவர் இத்தாலியப் பாச்சியோலியின் இரட்டைப் பதிவு முறையிலிருந்து கணக்கியல் வரலாற்றைத் தொடங்கி, தம் வீட்டருகே எழுதப்பட்ட பேரேட்டையும் ஐந்தொகையையும் காணாமலே பட்டம் பெறுவது பெருங்குறை. செட்டிநாட்டு வீடுகளில் எஞ்சியுள்ள கணக்கேடுகளைத் தொகுத்துப் படிக்கும் ஒரு தாள், இவ்வட்டாரக் கல்லூரிகளின் வணிகவியல் பாடத்திட்டத்தில் இடம்பெறத் தக்கது. பர்மியக் கடன்களின் வீழ்ச்சியையும் அத்தாள் மறைக்காமல் சொல்ல வேண்டும்.