வெள்ளை காரில் ஆரஞ்சுப் புள்ளிகள்

என்னோடது ஒரு பழைய வெள்ளை கார். போன மாசம் வாட்டர் வாஷ் முடிச்சு எடுத்துட்டு வந்தேன். முன் சக்கரத்துக்குப் பின்னால, கதவோட கீழ்ப்பகுதியில பொடிப்பொடியா ஆரஞ்சுப் புள்ளிகள். நகத்தால் சுரண்டினாலும் போகலை. "பாடி துருப்பிடிக்குது சார்"னு வாஷ் பண்ண தம்பி பயமுறுத்திட்டார்.

துரு உண்மைதான். ஆனா அது பாடியோடது இல்லை, பிரேக்கோடது. பிரேக் பேடு வார்ப்பிரும்பு டிஸ்க்கைப் பிடிக்கும்போது சூடான இரும்புத் துகள்கள் பறக்கும். அவை பெயிண்டின் மேலிருக்கும் கிளியர் கோட்டில் போய் ஒட்டும், ஈரம் பட்டதும் அங்கேயே துருப்பிடிக்கும். ஷாம்பு அழுக்கை எடுக்கும், துருவைக் கரைக்காது.

அப்போ அந்தக் காலத்து கார்களில் இந்தத் தொல்லை ஏன் பெரிசா இல்லை? டிஸ்க் பிரேக் புதுசு கிடையாது. இங்கிலாந்தின் லான்செஸ்டர் 1902-லேயே அதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். ஆனாலும் பல பத்தாண்டுகள் சாலையை ஆண்டது டிரம் பிரேக்தான். டிரம் ஒரு மூடின டப்பா மாதிரி, தேய்ந்த தூளில் பெரும்பகுதி உள்ளேயே தங்கிடும். வெப்பம் தாங்கணுமேன்னு பிரேக் ஷூவில் சேர்த்தது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். சர்வீஸுக்கு டிரம்மைக் கழற்றி, கம்ப்ரஸர் காற்றால் 'புஸ்'ஸுனு ஊதுவாங்க. கார் பளபளன்னு இருந்தது. தூள் மெக்கானிக்கோட நுரையீரலுக்குப் போச்சு. எனக்கு இந்த வரலாற்றிலேயே உறுத்துற இடம் இதுதான்.

1953-ல் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் சி-டைப் லே மான்ஸ் பந்தயத்தில் ஜெயித்தது. அதுக்கப்புறம் டிஸ்க் மெல்ல சாதாரண கார்களுக்கும் வந்தது. பிரிட்டன் 1999-ல் கல்நாரை முழுசாத் தடை செய்தது. கல்நார் இருந்த இடத்துக்கு, பல பேடுகளில் எஃகு இழை வந்தது. டிஸ்க்குக்கு மூடி இல்லையே, தூள் வெளியே பறந்து பெயிண்டில் உட்கார்ந்தது.

அதை எடுக்கிற மருந்து வந்த வழி இன்னும் வேடிக்கை. 'அயர்ன் ரிமூவர்' பாட்டில்கள் பலதில் இருக்கிறது அம்மோனியம் தயோகிளைகோலேட். 1940-களிலிருந்து முடியைச் சுருட்ட பார்லர்களில் பயன்படுற அதே சரக்கு! இரும்போடு சேர்ந்தா ஊதா நிறமாகும். நிழலில், ஆறின பெயிண்டில், கையுறை போட்டு அடிச்சேன். கதவில் ஊதாக் கோடுகள் வழிஞ்சது, பார்லர் நாத்தம் தெருவுக்கே தெரிஞ்சது. காய விடாம கழுவினேன். மிச்சத்தை எடுத்தது கிளே பார். இந்தக் களிமண் கட்டிக்கு 1995-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினவர் ஜப்பானின் தடாவோ கொடாடே.

என் காரின் பின் சக்கரங்களில் இன்னும் டிரம்தான். போன வாரம் சர்வீஸில் மெக்கானிக் அண்ணன் டிரம்மைக் கழற்றிட்டு கம்ப்ரஸர் ஹோஸை எடுத்தார். புது ஷூ வந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், என்ன கலந்திருக்குன்னு ஒரு வரி கூட இல்லை. "அண்ணே, ஈரத்துணியால துடைச்சிடலாமே"ன்னேன்.

"இருபது வருஷமா ஊதிட்டுதான் தம்பி இருக்கேன்"னு சிரிச்சார். அப்புறம் துணியை நனைச்சார்.