13 நிமிட நாடகம்

கல்லூரியில் படிக்கும்போது என்.எஸ்.எஸ். முகாமில் நாங்களும் வீதி நாடகம் போட்டிருக்கிறோம். எழுத்தறிவு பற்றி. ஊர்க்காரர்கள் கைதட்டி, டீ கொடுத்து அனுப்பி வைத்தார்கள். வட்டமாக ஜனத்தை நிற்க வைத்து நடுவில் நடிக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அப்போது யோசித்ததே இல்லை. பிழைப்புக்காக டில்லி பக்கம் வந்து, தினமும் சாகிபாபாத் வழியாக வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கதையில் ஒரு முக்கியமான பகுதி இங்கே நடந்தது என்று தெரிந்தது.

1973-ல் டில்லி மாணவர்களும் நண்பர்களுமாகச் சேர்ந்து ஆரம்பித்த குழு ஜன நாட்டிய மஞ்ச். சுருக்கமாக 'ஜனம்'. (இந்தியில் பிறப்பு, நமக்கு மக்கள். இரண்டுமே பொருந்துகிறது.) அவர்களில் ஒருவர் சஃப்தர் ஹாஷ்மி, செயின்ட் ஸ்டீபன்ஸில் ஆங்கில இலக்கியம் படித்தவர். முதலில் பெரும்பாலும் போட்டது பெரிய மேடை நாடகங்கள்தான். எமர்ஜென்சி முடிந்து பார்த்தால், நாடகம் போடக் கூப்பிடும் தொழிற்சங்கங்களிடம் காசில்லை. சரி, மேடையும் விளக்கும் இல்லாமல் சின்னதாகப் போடுவோம் என்று முடிவு செய்தார்கள்.

கரு காஜியாபாத்திலேயே கிடைத்தது. ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர்கள் கேட்டது இரண்டே இரண்டு. சைக்கிள் நிறுத்த ஒரு ஸ்டாண்டு, டீ குடிக்க ஒரு கேன்டீன். கிடைத்தது துப்பாக்கிச் சூடு, 6 பேர் செத்துப் போனார்கள். இதை வைத்து 1978-ல் எழுதியதுதான் 'மெஷின்'. மொத்தம் 13 நிமிடம். நடிகர்களே கையும் காலும் ஆட்டி, வாயால் சத்தம் எழுப்பி இயந்திரமாக நிற்பார்கள். திடீரென்று இயந்திரம் நின்றுவிடும். ஏன் நின்றது என்பதுதான் கதை. அந்த நவம்பரில் டில்லி போட் கிளப் மைதானத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் முன்னால் அதை நடித்தார்கள்.

அடுத்த வருடமே பெண்களின் நிலை பற்றி 'ஔரத்'. பஸ் கட்டணம் ஏறியபோது அதற்கும் உடனே ஒரு நாடகம்.

1989 ஜனவரி 1. காஜியாபாத் நகராட்சித் தேர்தல் சமயம். சாகிபாபாத்தில் தொழிலாளர்கள் வசிக்கும் ஜண்டாப்பூரில் 'ஹல்லா போல்' நடந்து கொண்டிருந்தபோது எதிர்த் தரப்பு வேட்பாளரின் கும்பல் புகுந்து தாக்கியது. ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். தலையில் பலத்த அடிபட்ட சஃப்தர் மறுநாள் இறந்தார். வயது 34. குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைக்க 2003 ஆயிற்று.

ஆனால் நாடகம் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. ஜனவரி 4 அன்று, சஃப்தரின் மனைவி மொலோயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, பாதியில் நின்றதை முழுவதும் நடித்து முடித்தார்கள். கணவர் இறந்து இரண்டு நாள்கூட முழுதாக ஆகியிருக்காது. அந்த மனதை என்னால் இன்னும் புரிந்துகொள்ள முடியவில்லை.

எங்கள் முகாம் நாடகத்தை நினைத்துப் பார்க்கிறேன். எழுத்தறிவு வேண்டும் என்றோம், எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஏன் இல்லை என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டீ கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.