தலைக்காசு

தரகுக்கூலி என்றவுடன் வீடும் நிலமும் விற்றுக் கொடுப்போரின் நினைவே இன்று எழும். மலாயாத் தோட்டத் தமிழர் அறிந்த பழைய தரகோ மனிதரை எண்ணிப் பெற்ற தரகாகும்.

கங்காணி தோட்டத்திலேயே உழைத்தவர். உரிமச் சீட்டுடன் துரையால் சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டவர். திருச்சி, தஞ்சை, சேலம், வடஆர்க்காடு ஆகிய மாவட்டங்களில் உறவினரையும் ஊராரையும் திரட்டிக் கப்பலேற்றுவார். திரட்டிய ஆளொன்றுக்கு ஒரு தரகு உண்டு. அதன்பின், அவ்வாள் காலைப் பெரட்டில் நின்று வேலைக்குச் சென்ற ஒவ்வொரு நாளுக்கும் ஓரிரு காசு அவருக்குச் சேரும், அதுவே தலைக்காசு. காய்ச்சலில் படுத்தவனைக் கங்காணி லயத்து வாசலில் நின்று எழுப்பியது கடமைப் பற்றினால் மட்டுமன்று என்க. ஊரில் தந்த முன்பணமோ கடனாய்த் தொடர்ந்தது. எது தரகு, எது கடன் என எழுத்தறியாத் தொழிலாளி எங்ஙனம் பிரித்தறிவான்?

1907இல் நிறுவப்பெற்ற தமிழர் குடியேற்ற நிதி இதனை ஓரளவு வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது. தமிழ்த் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிமார் நிதிக்கு வரி செலுத்தினர். கப்பற்செலவையும் ஆட்சேர்ப்புப் படியையும் நிதியே ஏற்றது. ஆள் மிகுதியாக வேண்டின் படி கூடும்; தேவை குறையின் படியும் குறையும். தரகு இவ்வாறு கணக்கேட்டில் ஏறியது. பேசித் தீர்மானிக்கும் பொருளுமாயிற்று. ஆயினும் பேசியவர் அதிகாரிகளும் தோட்டக்காரருமே. எவர் தலை எண்ணப்பட்டதோ, அவரை எவரும் கேட்டிலர்.

கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது இம்முறைக்கு அந்திக்காலம் நெருங்கியிருந்தது. மறு ஆண்டே உலகப் பொருளாதார மந்தத்தால் ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. பின்னர் சிறிது தொடர்ந்த அதனை 1938இல் இந்திய அரசு அறவே தடுத்தது. அதற்கு முன்பே, 1936 இறுதியில் மலாயா வந்து ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரியார் கங்காணி வழி ஆட்சேர்ப்பு வேண்டாவென்று கூறியிருந்தார். கப்பலோடு ஆள்தரகும் நின்றது. கொழுந்தெடுப்போரை மேற்பார்க்கும் கங்காணியே மலைச்சரிவில் எஞ்சினார். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றிய பின்னரே, கூலியைப் பற்றித் தொழிலாளர் சார்பில் பேச வலுவான ஓர் அமைப்பு வாய்த்தது.

இன்று அம்மலையில் கொழுந்தெடுப்போருள் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் உளர். 1907இன் ஏற்பாட்டில் தமிழனின் கப்பற்கூலியை முதலாளிமாரின் நிதி செலுத்தியது. இந்நாளில் மலேசியாவுக்கு வேலை தேடி வரும் வங்காளதேசத்தவருட் பலரோ முகவருக்குரிய தொகையைத் தம் ஊரிலேயே கடன்பட்டுச் செலுத்தி வருகின்றனர்.