எடை இறங்காமல் வந்த பலன்: குடியாத்தம் பக்கத்துப் பெண்களை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

நடுவயதில் எடைக்குறைப்பு ஏன் அவசியம் என்று தமிழ்நாட்டுச் சூழலில் எழுதும் ஒரு பிரிவு ஆய்வாளர்கள் ஒரே தூணில்தான் சாய்ந்து நிற்கிறார்கள். ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்தி, 2006இல் 'டயாபெட்டாலஜியா' இதழில் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகளே அந்தத் தூண். பெண்கள் உணவைக் குறைத்து, நடந்து, எடையை இறக்கினால் சர்க்கரை நோய் தள்ளிப்போகும் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். சர்க்கரை தள்ளிப்போனது உண்மை. எடை இறங்கியதால்தான் தள்ளிப்போனதா என்பதே கேள்வி. அந்த வாசிப்பின் பிழை கடைசியில் குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பெண்களின் தலையில் விடிவதால் மூலத்தை மறுபடி திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆய்வில் சேர்ந்தவர்கள் 531 பேர். எல்லோருக்கும் குளுக்கோஸ் தாங்குதிறன் குறைந்திருந்தது. நோய் இன்னும் வரவில்லை. சராசரி வயது 46ஐ ஒட்டியது, சராசரி பி.எம்.ஐ. 25.8. நான்கு குழுக்களாகப் பிரித்து மூன்றாண்டு பின்தொடர்ந்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்ற குழுவில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. வாழ்க்கைமுறை மாற்றக் குழுவில் 39.3, மெட்ஃபார்மின் குழுவில் 40.5, இரண்டும் சேர்ந்ததில் 39.5. வாழ்க்கைமுறை மாற்றம் ஆபத்தை 28.5 சதவீதம் குறைத்தது. மாத்திரையைக் கூடச் சேர்த்ததால் தனி லாபம் இல்லை. ஆனால் வாழ்க்கைமுறைக் குழுவின் உடல் எடையில் சொல்லும்படியான இறக்கம் ஏதுமில்லை. ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. மேற்கோள் காட்டியவர்கள்தான் தாண்டிப் போனார்கள்.

ஏன் தாண்டினார்கள் என்பதை ஊகிக்க முடிகிறது. 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இத்துறையின் தாய் ஆவணம். 3,234 பேர், சராசரி பி.எம்.ஐ. 34, ஏழு சதவீத எடைக்குறைப்பு என்ற தெளிவான இலக்கு, 58 சதவீதப் பலன். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஆபத்து 16 சதவீதம் இறங்கியதாக அதன் பிந்தைய பகுப்பாய்வு கணக்கிட்டது. அந்தப் பகுப்பாய்வு வெளியானதும் 2006இல்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவர்கள், அமெரிக்க ஆய்வு சொன்ன காரணத்தைச் சென்னை ஆய்வின் வாயில் போட்டுவிட்டார்கள். பி.எம்.ஐ. 34 உள்ள உடலும் 25.8 உள்ள உடலும் ஒரே வழியில் குணமாகும் என்று முன்கூட்டியே முடிவு கட்டினாலன்றி இப்படிப் படிக்க இயலாது.

அந்த 531 பேரில் ஆண்கள் 421, பெண்கள் 110. சேவை நிறுவனங்களில் வேலை பார்த்த நடுத்தர வர்க்கத்தினரிடமிருந்தும் அவர்கள் குடும்பங்களிலிருந்தும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தினம் அரை மணி நடக்கச் சொன்னார்கள். ஏற்கெனவே உடலுழைப்பு செய்பவர்களும் அரை மணிக்கு மேல் நடப்பவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் அதையே தொடரலாம் என்றார்கள். நியாயமான விதிதான். குடியாத்தத்துக்கு இதைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்?

குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். மடியில் முறம், பக்கத்தில் நனைத்து வெட்டிய இலை, தூள், நூல். குனிந்த கழுத்தும் ஓயாத விரல்களுமாக நாள் கழிகிறது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதால் எழுந்து நடப்பது நேரடி நட்டம். இதை உழைப்பு என்பதா, உட்கார்ந்த வேலை என்பதா? அவளைக் கேட்டால் இடுப்பு ஒடியும் உழைப்பு என்பாள். அவளுடைய தொடைத் தசையைக் கேட்டால் வேறு பதில் வரும். தீப்பெட்டி வேலையிலும், ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் அப்பர் தைக்கும் மெஷின் முன்னாலும் இதே இரட்டை நிலைதான். 2006 ஆய்வின் விதிப்படி அவள் 'உழைப்பவள்' என்று பதிவானால் நடைப் பரிந்துரையிலிருந்து விலக்கு. 'உட்கார்ந்தவள்' என்று பதிவானால் இல்லாத அரை மணியைத் தேட வேண்டும். 2019இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிடுவதாகச் சொல்கிறது, ஆண்களுக்கு 97. சமைத்து, துவைத்து, பீடிக் கணக்கையும் முடித்தவளிடம் 'நடை போடுங்கம்மா' என்று சொல்வது சொல்பவருக்குச் சுலபம்.

ஆம்பூர்ப் பிரியாணியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் அப்படியே சுலபம். அது வாரத்தில் ஒரு நாள் வரும் விருந்தாளி. ரேஷனில் விலையில்லாமல் வரும் அரிசிதான் தினசரித் தட்டை நிரப்புகிறது; பருப்பும் முட்டையும் மற்றவர்கள் தட்டுக்குப் போன பிறகு மிச்சமிருந்தால் உண்டு.

அமெரிக்காவின் 'ஸ்வான்' ஆய்வு பெண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்தது. மாதவிலக்கு நிற்கும் காலத்தை ஒட்டிக் கொழுப்பு சேரும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது, தசை கரையத் தொடங்குகிறது என்று 2019இல் வெளியான அதன் பகுப்பாய்வு காட்டியது. எடை என்ற எண்ணிலோ அந்தக் காலத்துக்கென்று தனித் திருப்பம் எதுவும் தென்படவில்லை. உள்ளே பெரிய மாற்றம் நடக்கும்போது தராசு பேசாமல் இருக்கிறது. அதைவிட மோசம், பட்டினி கிடந்து தசையை இழந்தால் தராசு அதை வெற்றி என்று அறிவிக்கும். ஏற்கெனவே தசை குறைந்த, முறத்தின் முன் உட்கார்ந்த உடலுக்கு அந்த வெற்றி ஆகாது.

மாநிலப் புள்ளிவிவரமும் உதவவில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் பி.எம்.ஐ. 25ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள்; அதற்கு முந்தைய சுற்றில் 30.9. அதிர்ச்சியான ஏற்றம்தான். ஆனால் அந்த அட்டவணை 49 வயதோடு முடிகிறது. மாதவிலக்கு நின்ற பின் நடப்பதைக் கேட்க வேண்டிய இடத்தில் கணக்கெடுப்பாளர் படியிறங்கிவிடுகிறார். போதாக்குறைக்கு அதிலுள்ள 'வேலூர்' பிரிக்கப்படாத பழைய மாவட்டம். குடியாத்தமும் ஆம்பூரும் வாலாஜாவும் ஒரே எண்ணுக்குள் அடைபட்டிருக்கின்றன.

உணர்வுக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை இத்துறை அறியாமலில்லை. ஆனால் அதை அளக்க உலகெங்கும் புழங்கும் கருவிகளில் ஒன்று 1986இல் நெதர்லாந்தில் உருவான வினாப்பட்டியல். எரிச்சல் வந்தால், சலிப்பு வந்தால் சாப்பிடத் தோன்றுகிறதா என்று அது கேட்கிறது. எப்போது சாப்பிடுவது என்பது தன் கையில் இருப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. எல்லோரும் சாப்பிட்ட பின் சட்டியின் அடியில் கிடப்பதை வீணாக்க மனமில்லாமல் தின்பவளும், கண் சொக்காமலிருக்கச் சர்க்கரை தூக்கலாக மூன்றாவது டீ குடிப்பவளும், இரவில் திடீரென வேர்த்து விழித்து மகள் கல்யாணக் கடனை நினைத்துப் படுத்திருப்பவளும் அதில் குறைந்த மதிப்பெண்ணே பெறக்கூடும். அதை வைத்து இங்கே உணர்வுக்கும் உடம்புக்கும் தொடர்பில்லை என்று முடிவு கட்டினால் பிழை கருவியுடையது. எடை பற்றிய அவமானம் பலரை மருத்துவரிடமே போகவிடாமல் தடுக்கிறது என்பதும் பல நாடுகளில் பதிவான செய்தி. மாதாமாதம் தராசில் ஏற்றுவதே சிகிச்சைக்கு இடைஞ்சலாகலாம்.

மனத்தையும் உடலையும் சேர்த்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் பக்கத்துச் சான்று உண்டு. நீரிழிவும் மனச்சோர்வும் ஒருசேர இருந்த 404 பேரைச் சென்னை உட்பட இந்தியாவின் நான்கு மருத்துவமனைகளில் பின்தொடர்ந்த ஆய்வு 2020இல் வெளியானது. இரண்டுக்கும் ஒரே குழு பொறுப்பேற்றபோது, சோர்வு பாதியாகக் குறைந்ததோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது இறங்கியவர்கள் 71.6 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 57.4. அவர்கள் ஏற்கெனவே நோயாளிகள் என்பதால் இதை அப்படியே நோய்த்தடுப்புக்கு நீட்டிக்க முடியாது. ஆனாலும் திசை தெளிவாகவே தெரிகிறது.

எதிர்வாதங்களில் ஒன்று கனமானது. நெய்யாற்றின்கரை வட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளிலிருந்து 1,007 பேரைச் சேர்த்து, அக்கம்பக்கத்துத் துணைக்குழுக்களாகக் கூட்டி நடத்திய கேரள ஆய்வில் (2018) நீரிழிவு வருவது புள்ளியியல் நோக்கில் குறையவில்லை. கூடிப் பேசினால் குணமாகும் என்று நம்புவோர் இதைப் படிக்க வேண்டும். ஆனால் அக்குழுக்கள் வேலையின் கூலிமுறையையோ வீட்டுவேலைப் பங்கீட்டையோ தொடவில்லை. தொடாத ஒன்று பலிக்கவில்லை என்று சொல்ல இயலாது. முட்டி வலிக்கு எடைதானே காரணம் என்பார்கள். முட்டிக்கு எடை முக்கியம், மறுப்பில்லை. அங்கும் முதலில் தேவை தொடைத் தசை. 2025இல் இந்தியாவுக்கு மவுஞ்சாரோ, வீகோவி என்ற எடைக்குறைப்பு ஊசிகள் வந்துவிட்டனவே என்போருக்கு, பீடிக்கூலியையும் அந்த ஊசிகளின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே பதில். பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்ற வாதத்துக்கு இங்கே இடம் ஒதுக்கத் தேவையில்லை.

110 பெண்களை வைத்துப் பெண்களுக்கென எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த எச்சரிக்கை இக்கட்டுரைக்கும் பொருந்தும். எனினும் கைவசமுள்ள சான்றுகளைச் சேர்த்து வைத்தால் எடையை முதன்மை அளவுகோலாக வைக்க வலுவான காரணம் கிடைக்கவில்லை. இடுப்புச் சுற்றளவு (இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை), சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம், மனநிலை, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழும் திறன் ஆகியவை கூடுதலாகச் சொல்கின்றன. இவற்றை எடுக்க ஆய்வகமும் வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஏற்கெனவே வாசல் வரை வருகிறார்கள். அவர்கள் பையில் ஒரு டேப்பும், பதிவேட்டில் தூக்கம், மனச்சோர்வு பற்றி இரண்டு கேள்விகளும் கூடினால் போதும்.

அடுத்த தடுப்பு ஆய்வு சென்னை அலுவலகங்களில் மறுபடி தொடங்க வேண்டாம். குடியாத்தத்துக்கு அருகிலேயே, கே.வி.குப்பத்தில், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் கிராமப்புறப் பிரிவான 'ருஹ்சா' 1977 முதல் இயங்கிவருகிறது. அங்கிருந்து தொடங்கலாம். 45 முதல் 60 வயது வரையுள்ள பீடி, தீப்பெட்டி, ஷூ கம்பெனிப் பெண்களைச் சேர்க்க வேண்டும். ஆய்வுக்கு வரும் நேரத்துக்குக் கூலி கொடுக்க வேண்டும். எடையை இரண்டாம் நிலை அளவாக மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும்.