அவர்களின் குரலிலேயே

ஏழையைப் பற்றி வானொலி பேசத் தொடங்கி நெடுநாளாயிற்று. ஏழையே வானொலியில் பேசத் தொடங்கியதோ மிகப் பிந்தித்தான். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியே இன்று நேயர்களோடு சிறிது பேசலாம் என்றிருக்கிறேன். அந்தத் தூரத்தைக் கடக்க முயன்றவர்கள் பல நாடுகளிலும் உண்டு. ஆயினும் எனக்கு நன்கு பழக்கமான உதாரணம் இங்கிலாந்தின் 'வானொலிக் கதைப்பாடல்கள்'. 1958 முதல் 1964 வரை பீ.பீ.சி. ஒலிபரப்பிய எட்டு நிகழ்ச்சிகள் அவை. நண்பர் ஒருவர் பிரதிசெய்து தந்த கசற்றில்தான் நான் அவற்றை முதலில் கேட்டேன். மங்கிய பதிவு, பாதிச் சொற்கள் பிடிபடவில்லை. இருந்தும், அது நடிகரின் குரலல்ல என்பது முதல் நிமிடத்திலேயே புரிந்துவிட்டது.

நடிகரின் குரலல்ல என்பதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். 1922இல் தொடங்கிய பீ.பீ.சி. வெகுகாலம் வரை சாதாரண மக்களின் பேச்சை நேரடியாக ஒலிக்கவிட அஞ்சியது. தயாரிப்பாளர் களத்துக்குப் போவார், குறிப்பெடுப்பார், திரும்பி வந்து பிரதி எழுதுவார். தொழிலாளி பேசவேண்டியதை நடிகர் ஒருவர் பேசுவார். 1941இல், யுத்த காலத்தில், யோர்க்ஷயர் மனிதரான வில்பிரட் பிக்கிள்ஸ் தமது ஊர் உச்சரிப்போடு தேசியச் செய்தி வாசித்தபோது, அதுவே பெரிய சர்ச்சையாயிற்று. செய்தி வாசிப்பதற்கே அந்தப் பாடு என்றால், சுரங்கத் தொழிலாளி தன் கதையைத் தானே சொல்வதைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமா?

முதல் உடைப்பு மான்செஸ்ரர் நிலையத்தில் ஏற்பட்டது. அங்கிருந்த பிரிட்சன் என்ற கவிஞர், 1935இல் 'ஹரி ஹோப்ஃபுல்' என்னும் தொடரைத் தயாரித்தார். வேலை தேடி ஊர் ஊராகத் திரியும் ஒருவன், வழியில் சந்திப்பவர்களோடு கதைப்பதே அதன் அமைப்பு. சந்திக்கப்பட்டவர்கள் உண்மையான மனிதர்கள். ஆனால் அக்காலத்தில் களத்தில் ஒலிப்பதிவு செய்வது எளிதல்ல. ஆகவே பிரிட்சன் அவர்களை வீட்டில் பேசவைத்து, பேசியதை எழுதி, பிறகு அவர்களையே நிலையத்துக்கு அழைத்துவந்து, அவர்களது சொந்த வார்த்தைகளைத் தாளில் பார்த்து வாசிக்கவைத்தார். தன்னைத் தானே நடிக்கும் நாடகம்! நமக்கு இன்று வேடிக்கையாக இருக்கலாம். அன்று அது ஒரு புரட்சி.

அடுத்து வந்தவர் ஒலிவ் ஷாப்லி என்ற பெண் தயாரிப்பாளர். பீ.பீ.சி.யிடம் ஏழு தொன் எடைக்கு மேற்பட்ட ஒலிப்பதிவு வண்டி ஒன்று இருந்தது. இசைத்தட்டுப் போன்ற தட்டுகளில்தான் குரல் பதிவாகும். அந்தப் பூதத்தை ஒடுங்கிய தெருக்களுக்குள் கொண்டுபோய், வீடற்றவர்களையும் சுரங்கத் தொழிலாளரின் மனைவியரையும் அவர் பேசவைத்தார். 1939இல் ஜோன் லிற்றில்வூட்டுடன் சேர்ந்து அவர் செய்த நிகழ்ச்சி, நூறாண்டுக்கு முன் ஏங்கெல்ஸ் கண்டெழுதிய மான்செஸ்ரரையும் அன்றைய மான்செஸ்ரரையும் அருகருகே வைத்தது. இந்த லிற்றில்வூட்டின் பெயரை மனதில் வைத்திருங்கள். நாடக மேடையில் அவரை மீண்டும் சந்திக்கப்போகிறோம்.

அந்த மான்செஸ்ரர் வட்டத்தில் இன்னொரு இளைஞரும் இருந்தார். இரும்பு வார்ப்புத் தொழிலாளியின் மகன். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். ஜிம்மி மில்லர் என்ற அவரே பிற்காலத்தில் இவான் மக்கோல் என்று புகழ்பெற்றார். லிற்றில்வூட்டும் அவரும் 1930களில் தெருவிலும் மண்டபத்திலும் தொழிலாளர் நாடகம் போட்டவர்கள். 1945இல் 'தியேட்டர் வேர்க்ஷொப்' குழு தோன்றியதும் இவர்களது முயற்சியாலேயே. பின்னர் மக்கோல் நாட்டார் பாடல் பக்கம் திரும்பினார்.

1957 பெப்ரவரி 9ஆம் திகதி, பக்ஸ்ரனிலிருந்து புறப்பட்ட சரக்கு ரயில் ஒன்றில் நீராவிக் குழாய் உடைந்தது. கொதிநீராவி எஞ்சின் அறையை நிறைத்தது, பிறேக் செயலிழந்தது. முன்னால் நீண்ட இறக்கம். ஸ்ரொக்போட்டைச் சேர்ந்த சாரதி ஜோன் அக்ஸன், உதவியாளரைக் குதிக்கச் சொல்லிவிட்டு, தாம் குதிக்காமல் எஞ்சினைப் பற்றிக்கொண்டு நின்றார். வழியிலுள்ள சமிக்ஞைக்காரருக்கு எச்சரிக்கை கொடுத்தார். செப்பல்-என்-லெ-ஃபிரித் என்னுமிடத்தில் ரயில் முன்னே சென்ற மற்றொரு சரக்கு ரயிலில் மோதியது. அக்ஸனும் மற்ற ரயிலின் காவலரும் இறந்தனர். அக்ஸனுக்கு, இறந்தபின், ஜோர்ஜ் சிலுவை விருது கிடைத்தது.

பேர்மிங்ஹாம் நிலையத் தயாரிப்பாளர் சார்ள்ஸ் பார்க்கர் இக்கதையை நிகழ்ச்சியாக்க விரும்பி, மக்கோலை அழைத்தார். பார்க்கர் கேம்பிரிட்ஜில் வரலாறு கற்றவர். யுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பல் அதிகாரி. மக்கோலின் அரசியலுக்கு வெகுதூரத்தில் நின்றவர். இருவரும் தோளில் தொங்கவிடக்கூடிய புதிய ஒலிநாடாக் கருவி ஒன்றுடன் அக்ஸனின் தோழர்களையும் மனைவியையும் தேடிப் போனார்கள். நாற்பது மணித்தியாலத்துக்கு மேல் பதிவாயிற்று. முதல் திட்டம் வழக்கமானதுதான்: கேட்டதைக் கொண்டு பிரதி எழுதுவது, நடிகர்களைப் பேசவைப்பது. பதிவுகளை மீண்டும் மீண்டும் கேட்ட மக்கோலுக்கு அது முடியாது என்று தோன்றிவிட்டது. ரயில்காரர் பேசும் வேகம், நடுவில் விழும் மௌனம், தொழிற் சொற்களின் கூர்மை ஆகியவற்றை எந்த எழுத்தாளன் எழுதுவான்? எந்த நடிகன் பேசுவான்? பேசியவர்களே பேசட்டும், பாட்டு மட்டும் நாம் எழுதுவோம் என்று அவர் நின்றார். அறிவிப்பாளரும் வேண்டாம் என்றாயிற்று. 1958 ஜூலை 2ஆம் திகதி 'ஜோன் அக்ஸனின் கதைப்பாடல்' ஒலிபரப்பானபோது, கணவன் இறந்த செய்தியைப் பற்றி அந்தப் பெண்மணி தாமே பேசினார்.

இது எவ்வளவு உழைப்பு என்பதை வானொலியில் வேலை செய்தவர்கள் அறிவர். கணினி இல்லாத காலம். நாடாவைச் சவர அலகால் வெட்டி ஒட்டவேண்டும். ஒரு மூச்சு கூடினாலும் குறைந்தாலும் பாட்டின் தாளம் கெடும். பாடகியும் இசையமைப்பாளருமான பெகி சீகர் வாத்திய இசையை அந்தப் பேச்சின் ஓட்டத்துக்கே பொருத்தினார். பின்வந்த நிகழ்ச்சிகளில், ஒட்டிய நாடாவைக் கலையகத்தில் ஓடவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே கலைஞர்கள் வாசித்தார்கள். மீனவர் பேசி நிறுத்துமிடத்தில் வாத்தியம் எடுக்கும்.

மீனவர் என்றதும், 1960இல் இத்தாலியப் பரிசு பெற்ற 'சிங்கிங் த ஃபிஷிங்' நினைவுக்கு வருகிறது. அதன் உயிர்நாடி, நோர்போக் கரையின் வின்ரேர்ரன் ஊரைச் சேர்ந்த சாம் லார்னர். எண்பதைக் கடந்த கிழவர். சிறுவயதில் கடலுக்குப் போனவர். அவர் பேசிய சொற்களையே எடுத்துக் கோத்து மக்கோல் ஒரு பாட்டுக் கட்டினார். கேட்ட லார்னர், இந்தப் பாட்டு எனக்கு ஆயுள் முழுதும் தெரியுமே என்றாராம். மக்கோலே பின்னாளில் சொன்ன கதை இது. அவர் பெருமைக்காகச் சொன்னாரென்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதே பாட்டு அயர்லாந்தில் பெயர் திரிந்து, பழைய நாட்டார் பாடலாகவே பாடப்பட்டது. மக்களிடம் வாங்கியது மக்களிடமே திரும்பிப் போயிற்று.

எல்லாம் வெற்றியல்ல. 1959இல் லண்டன்-யோர்க்ஷயர் நெடுஞ்சாலை அமைப்பைப் பற்றிய நிகழ்ச்சியில், திட்டமிட்டவர்களும் பொறியியலாளர்களும் இடம்பெற வேண்டுமென்று மேலிடம் விரும்பியது. மக்கோலுக்கு அது பிடிக்கவில்லை. மண்வெட்டும் தொழிலாளியின் பேச்சில் உவமையும் உயிரும் இருக்கின்றன, அதிகாரியின் பேச்சு அறிக்கை வாசிப்பதுபோல் இருக்கிறது என்பது அவர் கட்சி. கொஞ்சம் மிகைதான், பொறியியலாளரிலும் நல்ல கதைசொல்லிகள் உண்டு. எனினும் இந்த வாதம் நமக்கு அந்நியமானதல்ல. ஏறக்குறைய அதே ஆண்டுகளில், 1960களின் தொடக்கத்தில், ஈழத்திலும் பேச்சுத் தமிழ் இலக்கியத்தில் வரலாமா என்று பெரும் போராட்டம் நடந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சை எழுதியவர்களை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் சிலர் பழித்தனர். அங்கே ஒலியில் நடந்த சண்டை, இங்கே எழுத்தில் நடந்தது.

1962இல் இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்ட ஐவரின் குரலில் ஒரு நிகழ்ச்சி வந்தது. அடுத்த ஆண்டில் வளரிளம் பருவத்தினரையும், குத்துச்சண்டை வீரரையும் பற்றியவை வந்தன. கடைசி, 1964இன் 'த ட்ரவலிங் பீப்பிள்'. வண்டிகளில் ஊர் ஊராக அலைந்து வாழும் ஜிப்சி மக்களைப் பற்றியது. எட்டிலும் என்னை மிகவும் உலுக்கியது இதுவே. பிள்ளைப்பேற்றின் வேளையிலும் தம்மை அங்கிருந்து கிளப்பிய பொலிசாரைப் பற்றி ஒரு பெண் சொல்கிறாள். முடிவிலே நகரசபைக்காரர் ஒருவர் வருகிறார். திருந்தாதவர்களை ஒழிக்கத்தான் வேண்டும் என்னும் பொருளில் அவர் பேச, அது பயங்கரமான சொல்லாயிற்றே, உண்மையாகவா சொல்கிறீர்கள் என்று பார்க்கர் கேட்கிறார். ஏன் கூடாது என்று பதில் வருகிறது. நிகழ்ச்சி அங்கே அறுந்து நிற்கிறது. இசையும் இல்லை, பாட்டும் இல்லை.

ஆனால் ஒரு கேள்வி எனக்கு உண்டு. அந்த அறுப்பு யாருடையது? நாற்பது மணித்தியாலத்தை ஒரு மணித்தியாலமாக்கியவர்கள் மூவரே. சொல் மக்களுடையது, வரிசை அவர்களுடையதல்ல. தம் பேச்சு எந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் வைக்கப்படும் என்பதை மீனவரோ ஜிப்சிப் பெண்ணோ தீர்மானிக்கவில்லை. காற்றில் போன பின் எழுந்து நின்று, நான் அப்படிச் சொல்லவில்லை என்று மறுக்கவும் வழியில்லை. நாடக மண்டபத்திலோ அந்த வழி உண்டு.

செலவு அதிகம் என்று 1964உடன் பீ.பீ.சி. இவ்வகை நிகழ்ச்சியை நிறுத்திக்கொண்டது. ஆனால் வானொலியிலிருந்து மேடைக்கு ஒரு பாதை அதற்குள்ளேயே திறந்துவிட்டிருந்தது. முதல் உலக யுத்தத்தில் தந்தையை இழந்த சார்ள்ஸ் சில்ரன் என்ற பீ.பீ.சி. தயாரிப்பாளர், தாம் கண்டறியாத அந்தத் தந்தையின் கல்லறையைத் தேடி பிரான்சின் அராஸ் நகருக்குப் போனார். கல்லறை இல்லை, முப்பத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் செதுக்கிய சுவரில் ஒரு பெயர் மட்டும் இருந்தது. சாதாரணச் சிப்பாய்கள் பதுங்குகுழியில் பாடிய கேலிப் பாட்டுகளைத் திரட்டி 1961இல் அவர் ஒரு வானொலி நிகழ்ச்சி செய்தார். அதிலிருந்தே 1963இல் லிற்றில்வூட், கிழக்கு லண்டன் ஸ்ரற்போட்டில், 'ஓ, வட் எ லவ்லி வோர்!' நாடகத்தை உருவாக்கினார். தளபதிகளின் யுத்த வரலாற்றுக்கு எதிரே சிப்பாயின் பாட்டு நின்றது.

இன்னும் கண்டிப்பானவர் பீற்றர் சீஸ்மன். மட்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன ஸ்ரோக் நகரில், பழைய சினிமாக் கொட்டகை ஒன்றை வட்டரங்காக்கி 1962இல் தொடங்கியவர். அவரது விவரண நாடகங்களுக்கு ஒரு விதி உண்டு: மூல ஆதாரத்தில் இல்லாத ஒரு சொல்லும் மேடையில் பேசப்படலாகாது. 1966இல் அவ்வூர் ரயில்பாதையைப் பற்றிய 'த நொட்டி' நாடகத்துக்காக, நடிகர்களே ஒலிப்பதிவுக் கருவியுடன் ஓய்வுபெற்ற ரயில்காரரின் வீடுகளுக்குப் போனார்கள். 1974இல், ஷெல்ரன் பார் உருக்காலை மூடப்படும் அபாயத்தில் இருந்தபோது, அதைக் காக்கத் தொழிலாளர் நடத்திய போராட்டம் அவர்களது சொற்களிலேயே நாடகமாயிற்று. பார்க்க வந்தவர்களில் ஆலைக்காரரும் இருந்தனர். தன் வார்த்தையை நடிகன் எப்படிப் பேசுகிறான் என்று, எட்டித் தொடும் தூரத்திலிருந்து, வார்த்தைக்குச் சொந்தக்காரன் பார்த்திருக்கும் அரங்கு அது. பிழைவிட்டால் மறுநாள் கடைத்தெருவில் பதில் சொல்லவேண்டும். அந்த ஆலையில் 1978இல் உருக்கு வார்ப்பு நின்றுபோனது.

பார்க்கரை 1972இல் பீ.பீ.சி. வெளியேற்றியது. அவர் ஓய்ந்திருக்கவில்லை. பேர்மிங்ஹாமில் பானர் தியேட்டர் என்ற தொழிலாளர் நாடகக் குழுவோடு சேர்ந்து, சுரங்கத் தொழிலாளரின் பழைய ஒலிப்பதிவுகளை மேடைக்குக் கொண்டுவந்தார். 1980இல் காலமானார். வெட்டி ஒதுக்கியவற்றை எறிந்துவிடும் பழக்கம் அவருக்கு இருக்கவில்லை. அவர் சேர்த்துவைத்த ஆயிரக்கணக்கான நாடாக்கள் பேர்மிங்ஹாம் நகர நூலகத்தின் சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. ஒலிபரப்பில் இடம்பெறாத குரல்கள் பல அவற்றில் உள்ளன.