உலைக்குத் தப்பிய ரூபாய்கள்: 1835–1945 வெள்ளி நாணய வகைத் தொகுப்பு

பழைய நாணயம் என்றாலே விலை அதிகம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு ரூபாய் வெள்ளி நாணயங்கள் இதற்கு நேர்மாறான சான்றுகளைத் தருகின்றன. 1840 என்று பொறித்த விக்டோரியா ரூபாயைச் சிறு சேகரிப்பாளர் ஒருவர் தயங்காமல் வாங்கலாம். அதற்கு ஏறத்தாழ நூறாண்டு இளையதான 1939 ரூபாயோ ஏலத்தில்தான் பேசப்படும். எத்தனை அச்சானது, அதில் எத்தனை உருக்கப்பட்டது என்பதே விலையைத் தீர்மானித்திருக்கிறது. இந்த இரண்டையும் முடிவு செய்தது அரசின் உலோகக் கொள்கை. ஆண்டுவாரியாகச் சேர்க்காமல் வடிவத்துக்கு ஒன்றாகச் சேர்க்கும் ‘வகைத் தொகுப்பு’ குறைந்த செலவில் எப்படிச் சாத்தியமாகிறது என்பதை அந்தக் கொள்கையின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரே எடை, உறைந்த ஆண்டு

1835க்கு முன் வங்காளத்தில் சிக்கா ரூபாயும், சென்னை மாகாணத்தில் ஆற்காடு ரூபாயும், பம்பாயில் சூரத் ரூபாயும் புழங்கின. சென்னை மாகாணம் 1818இல் வராகன் என்ற பொன் நாணயத்தைக் கைவிட்டு, 180 கிரெய்ன் எடையும் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் கொண்ட ரூபாயைத் தன் அடிப்படை நாணயமாக ஏற்றது. 1835ஆம் ஆண்டு நாணயச் சட்டம் இதே அளவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் பொதுவாக்கியது. எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், அதில் தூய வெள்ளி 10.69 கிராம். 1940 வரை இந்த அளவு மாறவில்லை.

1835க்கு முந்தைய வேறொரு வழக்கமும் பொது நாணயத்தில் தொடர்ந்தது. வங்காளத்தில் நாணயத்தின் ஆண்டைப் பார்த்து, பழையதென்று சொல்லிச் சராப்புகள் (நாணயம் மாற்றுவோர்) வட்டம் (கழிவு) பிடித்துவந்தனர். அதைத் தடுக்க, எப்போது அச்சிட்டாலும் முகலாயப் பேரரசர் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டையே சிக்கா ரூபாயில் பொறித்தது கம்பெனி. பொது நாணயத்திலும் ஆண்டு இப்படியே உறைந்து நின்றது. நான்காம் வில்லியம் ரூபாயில் 1835, விக்டோரியா ரூபாயில் 1840, அரசியின் நேரடி ஆட்சி வந்தபின் 1862 என ஒரே ஆண்டு பல்லாண்டு காலம் பொறிக்கப்பட்டது. 1874இல்தான் அச்சிட்ட ஆண்டைப் பொறிக்கும் வழக்கம் நிலைபெற்றது. ‘1840’ உண்மையில் இருபதாண்டுக்கும் மேற்பட்ட உற்பத்தியைக் குறிப்பதால் அது இன்றும் எளிதில் கிடைக்கிறது.

பத்து வகைகள்

நாணயவியலாளர் பிரிட்மோரின் 1980ஆம் ஆண்டு நாணயப் பட்டியல் அச்சு வேறுபாடுகளை நுணுகிப் பிரிக்கிறது. தொடக்கநிலைத் தொகுப்புக்கு அவ்வளவு தேவையில்லை. பெரும் வகைகள் பத்தே: வில்லியம் (1835). எழுத்து தலைக்கு மேல் தொடர்ந்து ஓடும் விக்டோரியா (1840). ‘விக்டோரியா’ ஒருபுறமும் ‘குயின்’ மறுபுறமுமாகப் பிரிந்த விக்டோரியா (1840). மகுடம் சூடிய அரசி (1862–76). ‘எம்ப்ரெஸ்’ பட்டம் பெற்ற பேரரசி (1877–1901). ஏழாம் எட்வர்டு (1903–10). ஐந்தாம் ஜார்ஜ் (1911). திருத்திய ஐந்தாம் ஜார்ஜ் (1912–22). பழைய தர வெள்ளியில் ஆறாம் ஜார்ஜ் (1938–39). பாதி வெள்ளியில் ஆறாம் ஜார்ஜ் (1940–45).

இவற்றுள் 1911 மட்டும் ஓராண்டு வகை. மன்னரின் அங்கியில் தொங்கும் மாலையில் இருந்த யானை, குட்டைத் துதிக்கையும் குட்டைக் கால்களுமாகப் பன்றிபோல் தெரிந்தது. முஸ்லிம்களிடம் எதிர்ப்பு எழவே வெளியீடு நிறுத்தப்பட்டது. அச்சான ஏறத்தாழ 94 லட்சத்தில் 7 லட்சம் அளவே வெளியே சென்றது. மிச்சம் உலைக்குப் போயிற்று. 1912 ரூபாயை உருப்பெருக்கியில் பார்த்தால் துதிக்கை திருத்தி நீட்டப்பட்டிருப்பது தெரியும்.

உலோகமும் முகமதிப்பும்

1893 ஜூன் வரை யாரும் வெள்ளியை அக்கசாலைக்குக் கொண்டுபோய் ரூபாயாக மாற்றிக்கொள்ளலாம். வெள்ளி விலை உலகெங்கும் சரியவே அரசு இந்த உரிமையை நிறுத்தியது. அதன்பின் ரூபாயின் முகமதிப்பு அதிலுள்ள வெள்ளியின் விலையைவிட உயர்ந்து நின்றது, உருக்கினால் நட்டம். பேரரசி வகையும் எட்வர்டு வகையும் பெருமளவில் தப்பிப் பிழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் உலகப்போரில் நிலைமை தலைகீழானது. வெள்ளி அவுன்சுக்கு 43 பென்னியைத் தாண்டினால், 16 பென்னி மதிப்புள்ள ரூபாயில் இருக்கும் உலோகம் அதன் முகமதிப்பை மிஞ்சும். 1917இல் விலை அந்த எல்லையைத் தாண்டியது. நாணயத்தை உருக்கத் தடை வந்தது. நவம்பரில் ஒரு ரூபாய் நோட்டு வெளியானது. அமெரிக்கா 1918ஆம் ஆண்டு பிட்மன் சட்டத்தின்படி தன் வெள்ளி டாலர்களை உருக்கி, ஏறத்தாழ 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்காக விற்றது. 1918, 1919, 1920 ரூபாய்கள் கோடிக்கணக்கில் அச்சாயின. ஐந்தாம் ஜார்ஜ் வகைக்கு இந்த ஆண்டுகளில் ஒன்று போதும்; நல்ல நிலையிலும் விலை எட்டும் தூரத்தில் இருக்கும்.

இரண்டாம் உலகப்போரில் தரமே குறைந்தது. 1940இல் பாதி வெள்ளியும், மீதி செம்பு, நிக்கல், துத்தநாகமும் கலந்த உலோகம் வந்தது. கள்ள நாணயத்தைத் தடுக்க ஓரத்தின் நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம் வெட்டினார்கள். 1941 முதல் 1943 வரை பழைய தர ரூபாய்கள் அடுத்தடுத்துச் செல்லாதவையாக்கப்பட்டன. 1939 ரூபாய்களில் பெரும்பகுதி உருக்கப்பட்டதாகவே நாணயவியலாளர் கருதுகின்றனர்.

செலவைச் சுருக்கும் முறை

இந்த வரலாறு வாங்கும் வரிசையையும் காட்டுகிறது. எடையைத் தூய்மையால் பெருக்கி, அன்றைய கிராம் விலையால் மீண்டும் பெருக்கினால் உலோக மதிப்பு கிடைக்கும். பேரரசி, எட்வர்டு, 1912–22 ஜார்ஜ், பாதி வெள்ளி ஜார்ஜ் ஆகிய நான்கையும் தேய்ந்த நிலையில் அதற்கு அருகிலேயே தேடலாம். அடுத்து 1862, 1840 வகைகள், பிறகு வில்லியம். ஆறாம் ஜார்ஜின் பழைய தரத்துக்கு 1938 போதும், 1939 தேவையில்லை. 1911 கடைசிக்கு.

முழு ரூபாய் கட்டுப்படியாகாதவர் கால் ரூபாயை நாடலாம். பத்து வகையும் அதிலும் உண்டு; எடை 2.92 கிராம்தான். ரூபாய்களைக் காசுமாலையில் கோத்து அணிந்த வழக்கத்தால் பல நாணயங்களின் விளிம்பில் வளையம் பற்றவைத்த தடம் இருக்கும். சேகரிப்பாளர் சந்தையில் இவை மலிவு. வகையை நிரப்பப் பழுதில்லை, திரும்ப விற்கும்போதுதான் இடிக்கும். பளபளவென்று தேய்த்துத் துலக்கியவற்றையும் அந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். 11.66 கிராமிலிருந்து எடை வெகுவாக விலகினாலோ, ஓரவரிகள் மழுங்கி வார்ப்புத் தையல் தெரிந்தாலோ போலியென்று ஐயுற வேண்டும்.

1911ஐத் தள்ளிவைத்து ஒன்பது நாணயங்களை வாங்கியவரின் கையில், கம்பெனி ஆட்சி, அரசியின் நேரடி ஆட்சி, 1893இன் திருப்பம், இரு போர்களின் வெள்ளி நெருக்கடி ஆகிய அனைத்துக்கும் உலோகச் சான்று சேர்ந்துவிடுகிறது. விடுபட்ட அந்த ஒன்றைப் பணம் சேரும்வரை தாராளமாகத் தள்ளிப்போடலாம்.