கொழும்புக்கு எட்டணா: கரிசல் ஊர்களின் சிக்கனக் கடற்பயணம்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக்கு மிக அருகில் இருக்கும் வெளிநாடு இலங்கை. விருதுநகரிலிருந்து தூத்துக்குடி ரயிலில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கிருந்து கொழும்பு ஏறத்தாழ 150 கடல் மைல், நீராவிக் கப்பலுக்கு ஓர் இரவு ஓட்டம். தூரத்தைக் கணக்கிட்டால் சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இந்தியா விடுதலை பெறும்வரை, கையில் அதிகம் காசில்லாதவர்களே இந்த வழியில் மிகுதியாகப் போய்வந்தார்கள். சரக்கு விற்கப் போன சிறு வியாபாரி, அக்கரையில் கடை வைத்திருந்த உறவினரிடம் வேலைக்குப் போன பையன், தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலித் தொழிலாளி என மூன்று வகையினர். மூவருக்கும் பயணம் மலிவாகத்தான் அமைந்தது. மலிவாக்கியது யார், மிச்சத்தை யார் கொடுத்தார்கள் என்பதில்தான் மூவரின் கதையும் வேறுபடுகிறது.

ரயில் வருவதற்கு முன் இந்தச் சீமையில் பயணம் என்றால் மாட்டுவண்டியும் பொதிமாடும்தான். கருப்பட்டி, புகையிலை, உப்பு, கருவாடு ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன நாடார் வியாபாரிகளுக்கு இரவுத் தங்கல் பெரிய சிக்கல். வழியில் திருட்டு பயம். பல ஊர்களில் சாதியின் பெயரால் சத்திரத்திலும் கிணற்றிலும் தடை. இதற்கு அவர்கள் கண்ட வழி பேட்டை. சுற்றுமதில், உள்ளே வண்டிகளுக்கும் மாடுகளுக்கும் இடம், கிணறு, சரக்கைப் பூட்டிவைக்க அறை, ஆட்கள் படுக்கத் திண்ணை. இதற்கான பணம் மகமையிலிருந்து வந்தது. விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் சிறு தொகையைப் பொதுநிதிக்கு எடுத்துவைப்பது மகமை. அதை நிர்வகித்தது உறவின்முறை என்ற ஊர்ச் சாதிச் சங்கம். சிவகாசி, விருதுபட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களில் இந்த ஏற்பாடு வலுவாக வேரூன்றியது. (விருதுபட்டி 1923-இல்தான் விருதுநகர் ஆனது.) பின்னாளில் பள்ளிக்கூடங்களையும் கோயில்களையும் நடத்திய அதே மகமை, முதலில் வழிப்போக்கனுக்குச் செலவில்லாத கூரையாக இருந்தது. தங்குமிடத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லாத பயணம் என்ற பழக்கம் இங்கிருந்துதான் கடலைத் தாண்டியது. கொழும்பிலோ கண்டியிலோ சொந்தக்காரர் கடை இருந்தால் அதுவே அங்குப் பேட்டை. பகலில் கடையில் வேலை, இரவில் அதே கடையில் படுக்கை, சாப்பாடும் முதலாளி கணக்கில். இந்தியப் பணமும் அங்கே செல்லுபடியானதால், மாற்றும்போது நஷ்டம் என்ற கவலையும் இல்லை.

1876-இன் தொடக்கத்தில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. விருதுபட்டியும் சாத்தூரும் அந்தப் பாதையில் நிலையங்கள் ஆயின. சிவகாசிக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. விருதுநகரிலிருந்து சிவகாசி, திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசி போகும் பாதை 1927-இல்தான் வந்தது. அதுவரை சிவகாசிக்காரர் வண்டி கட்டிச் சாத்தூருக்கோ விருதுபட்டிக்கோ வந்துதான் ரயிலேற வேண்டும். தூத்துக்குடி ரயில் வந்த அதே 1876-இல் தாது வருஷப் பஞ்சம் தொடங்கி 1878 வரை நீடித்தது. பருத்தியும் வற்றலும் ஏற்றிச் செல்லப் போட்ட தண்டவாளம், பிழைப்புத் தேடிக் கடலோரம் நோக்கிப் புறப்பட்டவர்களுக்கும் வழியானது.

தூத்துக்குடியில் அன்று ஆழமான துறைமுகம் இல்லை. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நின்றன. படகிலோ விசைப்படகிலோ அலைமேல் ஆடி ஆடிப் போய், கப்பலின் பக்கவாட்டு ஏணியில் ஏற வேண்டும். ஏழைகளின் சீட்டு மேல்தளத்துச் சீட்டு. அறை கிடையாது, கட்டில் கிடையாது. ஏறியவுடன் கோரைப்பாயை விரித்து இடம்பிடிப்பவருக்கு அந்தப் பாயளவுதான் வீடு. கட்டுச்சோறும் தண்ணீர்ச் செம்பும் சொந்தம். வெயில், மழை, உப்புக் காற்று மூன்றையும் தாங்கித்தான் கட்டணத்தில் மிச்சம் பிடித்தார்கள். இப்படி ஏற்றிச் செல்லப்பட்டவர்களுக்குக் குறைந்தபட்ச இடம் இருக்க வேண்டும் என்று 1887-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. நெரிசல் எந்த அளவுக்கு இருந்தது என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி.

தூத்துக்குடி–கொழும்பு வழியில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிதான் கோலோச்சியது. அதை எதிர்த்து 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், ரூ.25 வீதம் 40,000 பங்குகள். சங்கத்தின் தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் நிறுவியவர். பாலவநத்தம் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், அருப்புக்கோட்டை அருகில் இருக்கிறது. கப்பல் கதையில் தூத்துக்குடியின் பெயரே பெரிதாக ஒலித்தாலும், அதன் தலைமைப் பதவியில் கரிசல் மண்ணின் ஜமீன்தார் ஒருவர் இருந்ததை மறந்துவிடக் கூடாது.

முதலில் வாடகைக் கப்பல்களை வைத்து ஓட்டிய சங்கம், 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைச் சொந்தமாக வாங்கியது. காலியாவில் முதல் வகுப்புக்கு 42 பேர், இரண்டாம் வகுப்புக்கு 24 பேர், சாதாரண வகுப்புக்கு 1,300 பேர் என்று கணக்கு. இந்த எண்ணிக்கை ஒன்றே, கொழும்புக் கடல்வழியின் வருமானம் யாரிடமிருந்து வந்தது என்பதைக் காட்டிவிடுகிறது. கம்பெனிகளின் போட்டியும் அந்த 1,300 பேரைக் குறிவைத்தே நடந்தது. வெள்ளையர் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிச் சங்கம் எட்டணா, அதாவது அரை ரூபாய், என்றது. உடனே எதிர்க் கம்பெனி காசே வேண்டாம், இலவசமாக வாருங்கள் என்று அழைத்ததோடு, ஏறுகிறவர்களுக்குக் குடையும் கொடுத்தது.

குடை என்பது அன்றைய கரிசல் காட்டு உழைப்பாளிக்குச் சாதாரணப் பொருளல்ல. தலைத்துண்டே வெயிலுக்கு மறைப்பாக இருந்த காலம். எதிரி எந்த ஆசையைத் தொட்டான் என்பது இதில் தெரிகிறது. அப்படியிருந்தும் எட்டணா கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள் உண்டு. இலவசத்தை விட்டுக் காசு கொடுத்து ஏறிய அந்த ஏழைகளுக்கு வரலாற்றில் பெயரில்லை, வ.உ.சி. சிறையில் இழுத்த செக்குக்கு அடுத்தபடியாக நினைக்கப்பட வேண்டியவர்கள் அவர்கள்தாம். ஆனால் எத்தனை பயணத்துக்கு நஷ்டம் வந்தாலும் தாங்கும் கப்பல் கூட்டம் ஒரு பக்கம், 25 ரூபாய்ப் பங்குகளால் சேர்ந்த முதல் மறுபக்கம் என்றிருக்க, போட்டி நெடுநாள் நீடிக்க வழியில்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், மறுநாள் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொந்தளித்தன. 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது. போட்டி போனதும் எட்டணாச் சீட்டும் போயிற்று.

தோட்டத் தொழிலாளிக்கு எட்டணாகூடத் தேவைப்படவில்லை. அவன் பயணம் முழுக்க இலவசம் போலத் தோன்றியது. கங்காணி ஊருக்கு வருவான், முன்பணம் கொடுப்பான், ரயில் செலவு, கப்பல் செலவு, வழிச்சாப்பாடு எல்லாம் அவன் பொறுப்பு. கண்டிச் சீமையில் இறங்கியபின் அத்தனையும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டிருக்கும். அந்தக் கடனைக் குறித்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், புதிய துரை அந்தத் துண்டிலுள்ள தொகையைத் தீர்த்து ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும். கடனோடு ஆளும் கைமாறினான் என்பதே இதன் பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு முறையும் வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த சிறு தகர வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டால் போதும்; வழிநெடுக எவரிடமும் காசு கொடுக்காமல் சரியான தோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். செலவு தோட்டத்தின் கணக்கு. சரக்கு மூட்டைக்கு முத்திரை குத்துவது போன்ற ஏற்பாடு இது. துண்டு முறை 1921-இல் சட்டப்படி ஒழிந்தது. 1922-இன் இந்தியக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு வழிச்செலவு பொதுநிதியிலிருந்து கொடுக்கப்பட்டு, தொழிலாளியின் தலையில் கடனாக ஏறாமல் நின்றது. ஒரு தலைமுறைக்கு மேல் ‘இலவசம்’ என்று சொல்லப்பட்ட பயணம், உண்மையில் இலவசமானது அப்போதுதான்.

1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் வழி மாறியது. சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிவரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கப்பல், பிறகு கொழும்புவரை மறுபடி ரயில். மூன்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டு. இதுவே போட் மெயில். விருதுநகர்ப் பயணி இப்போது தெற்கே போவதற்குப் பதிலாக வடக்கே மதுரைக்குப் போய், மானாமதுரை, ராமநாதபுரம் வழியாகச் சுற்ற வேண்டும். தூரம் கூடியது, ஆனால் ஓர் இரவுக் கடல் சில மணி நேரமாகச் சுருங்கியது. தூத்துக்குடிக் கப்பலும் அடியோடு நின்றுவிடவில்லை.

இரண்டு வழியிலும் பணமில்லாதவன் கொடுத்த விலை காத்திருப்பு. 1896-இல் பம்பாயில் பரவிய பிளேக்குக்குப் பிறகு, இலங்கை அரசு தமிழ்நாட்டுக் கரையிலேயே நோய்த்தடுப்பு முகாம் நடத்தியது. முதலில் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறை, பிறகு பாம்பனுக்கு அருகே மண்டபம். உயர்வகுப்புச் சீட்டு வைத்திருந்தவர் மருத்துவரிடம் கைநாடியைக் காட்டிவிட்டுப் போய்விடலாம். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் நாள்கணக்கில் அடைத்துவைக்கப்பட்டு, துணிகள் ஆவியில் வேகவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, அதன்பிறகே கப்பலேற்றப்பட்டார்கள். மலிவுச் சீட்டுக்காரனின் நாட்களுக்கு விலை கிடையாது என்ற கணக்கின்மேல்தான் அந்த முகாம் நின்றது.

இலங்கையைத் தாண்டியும் மக்கள் போனார்கள். பர்மாவுக்குச் சென்னையிலிருந்தும், மலாயாவுக்குச் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பல்கள். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. பினாங்கு, சிங்கப்பூர் போன தமிழர்களில் பல தலைமுறையினர் அதன் தளத்தில் படுத்தே போய்வந்தார்கள். 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது கப்பலில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர் அசாம் எல்லைவரை காட்டுவழியே நடந்தார்கள். வழியில் பசியாலும் நோயாலும் இறந்தவர்கள் ஏராளம்.

சிவகாசியின் தொழில் வரலாறும் ஒரு சிக்கனப் பயணத்தில் தொடங்குகிறது. அது வெளிநாட்டுப் பயணமல்ல என்றாலும் இங்கே சொல்லத் தக்கது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், எட்டு மாதம் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அதிலிருந்து தீப்பெட்டி, அதன் மேலொட்டும் படத்துக்காக அச்சு, பிறகு பட்டாசு என்று ஊரின் தொழில்கள் ஒன்றையொன்று தொட்டு வளர்ந்தன. வேலையில்லாமல் கப்பலேறும் ஊர் என்ற நிலையிலிருந்து, மற்ற ஊர் ஆட்களுக்கு வேலை கொடுக்கும் ஊர் என்ற நிலைக்குச் சிவகாசி நகர்ந்தது அப்படித்தான்.

இலங்கைக் கடல்வழியை முதலில் அடைத்தது சட்டம். இலங்கையில் இந்தியர் மீதான எதிர்ப்பு முற்றியதால், 1939-இல் பயிற்சியற்ற தொழிலாளர் அங்கே போவதை இந்திய அரசே தடை செய்தது. 1948-இல் இலங்கை இயற்றிய குடிவரவுச் சட்டம் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு போய்வந்த இடத்துக்குக் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டியதாயிற்று. கடையைப் பார்க்கப் போன அண்ணனும் அவனிடம் போக வேண்டிய தம்பியும் இரண்டு நாட்டுப் பிரஜைகள் ஆனார்கள். சீட்டில்லாதவர்கள் பழைய தோணிகளை நாடினார்கள். தூத்துக்குடித் தோணி நூற்றாண்டுகளாகச் சரக்கும் ஆளும் ஏற்றிய நேர்மையான வாகனம். ‘கள்ளத்தோணி’ என்ற சொல் பிறந்ததும், முறையாகச் சீட்டெடுத்துப் போன மலையகத் தமிழர்களின் பேரப்பிள்ளைகள்மீதுகூட அது வசையாக வீசப்பட்டது.

1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு வந்த ரயிலையும் கடல் கொண்டது. அதற்கு இரு மாதங்களுக்கு முன், அக்டோபர் 30 அன்று, சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது அது. பின்வந்த ஆண்டுகளில் தலைமன்னார்–ராமேசுவரம் கப்பல் சுமந்து வந்தது பெரும்பாலும் இவர்களைத்தான். தாத்தா தகர வில்லையோடு போன வழியில், பேரன் குடும்ப அட்டையோடு திரும்பினான். 1980-களில் இலங்கைப் போர் அந்தக் கப்பலையும் நிறுத்திவிட்டது. பிறகு படகுகளில் வந்த அகதிகளை மண்டபம் முகாமே வரவேற்றது. அங்கிருந்து உள்மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்களில் சிலர் விருதுநகர் மாவட்டத்தின் குல்லூர்சந்தை, செவலூர் முகாம்களில் குடியேறினார்கள்.

தூத்துக்குடி–கொழும்புப் பயணிகள் கப்பல் 2011 ஜூனில் மீண்டும் ஓடத் தொடங்கி, சில மாதங்களிலேயே நின்றது. 2012-இல் மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் வந்தது. விருதுநகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் விமான நிலையத்தை அடையலாம். வானில் இன்னும் ஒரு மணி நேரம். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் சிறு கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. பாம்பனில் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதன்மேல் போகும் ரயில்கள் ராமேசுவரத்தோடு நின்றுவிடுகின்றன; தனுஷ்கோடிக்கு இன்னும் தண்டவாளம் இல்லை.